வேப்பிலை கட்டின சைக்கிள்

புருசன் பேரைப் பொண்டாட்டி வாயால சொல்லக் கூடாதுன்னு எங்க தோட்டத்து லயத்து வரிசை வீடுகள்ல ஒரு சட்டம். நான் சொல்லுவேன். பெரியதம்பி. இன்னொரு தடவையும் சொல்லுவேன், பெரியதம்பி. யாருக்காவது காது கூசுதுன்னா பஞ்சை வச்சு அடைச்சுக்கட்டும். அந்தப் பேரை நிமித்தி வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

என் பேரு இருசம்மாள். சுங்கை ரம்பாய் டவுனுக்குப் போற மண்ரோட்டுல ஒரு ரப்பர் தோட்டம். அங்க புருசனும் பொண்டாட்டியும் பால் வெட்டிக்கிட்டு இருந்தோம். ரப்பர் விலை மண்ணாப் போயி, பாதி சனத்தைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பின காலம் அது. மிச்சம் இருந்தவங்க எல்லாம் அடுத்தது யாருன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தோம். காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நின்னு, கிராணி வாயில நம்ம பேரு வந்தா அன்னிக்கு வேலை. வரலைன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

தோட்டத்துக் கணக்கு எழுதுற அந்தக் கிராணி பேரு ரங்கசாமி. வெள்ளைக்காரத் துரை மாசத்துக்கு ஒரு நாள் குதிரையில வந்துட்டுப் போவாரு. மத்த நாளெல்லாம் எங்களுக்குத் துரை இவருதான். தோட்டத்தை விட்டு டவுனுக்குப் போகணும்னா ஒரு மேடு ஏறணும். அந்த மேட்டு உச்சியில வீட்டைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு மனுசன். அந்த வாசலைத் தாண்டுறப்போ குடை பிடிச்சிருந்தா மடக்கணும். தலையில துண்டு இருந்தா எடுத்து இடுப்புல கட்டணும். சைக்கிள்ல போனா எறங்கி, தலையைக் குனிஞ்சு, தள்ளிக்கிட்டுத்தான் போகணும். அவரு வீட்டுல இல்லாட்டியும் எறங்கணும். ஆளில்லாத ஈசிச்சேருக்கு எங்க ஆளுங்க குனிஞ்சு போனதை நான் கண்ணால பாத்திருக்கேன். தூ!

எங்க லயத்துல சைக்கிள் வச்சிருந்தது பெரியதம்பி ஒருத்தருதான். வாங்கின சைக்கிள் இல்ல அது. மத்தியானம் பாலை நிறுத்துக் குடுத்துட்டு, சுங்கை ரம்பாய்ல ஆ லெக் தவுக்கேங்கிற சீன முதலாளியோட சைக்கிள் கடைக்குப் போயி எடுபிடி வேலை செஞ்சாரு. அங்க தூக்கிப் போட்ட சக்கரம் ஒண்ணு, துருப்பிடிச்ச ஹேண்டில் ஒண்ணுன்னு பொறுக்கிச் சேத்து அவரே மாட்டினது. கோணின சக்கரத்தைச் சுத்தவிட்டு, காதை வச்சுக் கேட்டே எந்தக் கம்பி தளந்திருக்குன்னு சொல்லுவாரு. தவுக்கேவுக்கு அவருமேல கொள்ளைப் பிரியம். "தம்பி, உன் கை பாகுஸ் லா" அப்படின்னு, நல்ல கைன்னு, முதுகுல தட்டுவானாம். அதைச் சொல்றப்போ எங்க வீட்டுக்காரரு மொகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னொரு தடவை அவரைக் கட்டிக்குவேன்.

அந்தச் சிரிப்பைத்தான் கிராணி அறைஞ்சு அணைச்சாரு.

எங்க மக அன்னம்மாவுக்குக் காய்ச்சல். டவுன்ல மருந்து வாங்கிக்கிட்டு, புள்ளையை முன்னாடி பாருல உக்கார வச்சுக்கிட்டு வந்தாரு. வானம் இருட்டிக்கிட்டு, மழை தூற ஆரம்பிச்சிருச்சு. புள்ளை நனையுதேன்னு கிராணி வீட்டு வாசல்ல எறங்காம வந்துட்டாரு. கிராணி ஈசிச்சேர்ல சாஞ்ச வாக்குல "டேய்!"னு ஒரு சத்தம் குடுத்தாரு. இந்த மனுசன் திரும்பிப் போனாரு. கூப்பிட்டதும் திரும்பிப் போனாரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறல. புள்ளை கண் முன்னாடி கன்னத்துல ஒண்ணு வச்சு, கொட்டுற மழையில மேட்டடியில இருந்து உச்சி வரைக்கும் திரும்ப ஒரு தடவை சைக்கிளைத் தள்ளவச்சு வேடிக்கை பாத்தாரு அந்தப் பாவி.

அன்னியிலேருந்து பெரியதம்பி சத்தமாப் பேசல. சைக்கிளைச் சாக்கால மூடி, சமையல்கட்டுக்குப் பின்னாடி சாத்திட்டாரு. டவுனுக்குப் போறதையும் விட்டாரு. தவுக்கே மீன்காரன்கிட்ட சொல்லியனுப்பினான்: முழு நேர வேலை, கடைக்குப் பின்னாடி ஒரு ரூமு, குடும்பத்தோட வந்துரு, மாரியம்மன் திருவிழா முடியிற வரைக்கும்தான் பாப்பேன், அப்புறம் வேற ஆளை வச்சுக்குவேன்னு. எனக்குச் சாமியே நேர்ல வந்து கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. இவரு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொல்றாரு, "வேணாம் புள்ள. நமக்கு எதுக்கு அதெல்லாம்."

"எதுக்கா? ஏய்யா, நீ ஆசைப்பட்டுக் கத்துக்கிட்ட தொழிலுய்யா!"

"அந்த வாசலைத் தாண்டித்தானே புள்ள போகணும்" அப்படின்னாரு. கையைக் கழுவிட்டுப் போயி சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டாரு.

நானும் அழுதுட்டு விட்டுருப்பேன். ஆனா மறுநாள் ஒண்ணு பாத்தேன். அன்னம்மா ஒரு தென்னமட்டையைக் கால் சந்துல வச்சுக்கிட்டு, "கிணிங் கிணிங்"னு லயத்து வாசல்ல ஓடிக்கிட்டு இருந்தா. சைக்கிள் ஓட்டுறாளாம். நல்லா ஓடிக்கிட்டு இருந்தவ எங்க லயத்து வேலாயி அக்கா வீட்டுக்கு நேரா வந்ததும் சட்டுனு நின்னா. மட்டையை விட்டு எறங்கினா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு மெதுவாத் தள்ளிக்கிட்டுப் போனா.

"ஏன்டி எறங்கினே?"

"கிராணி வீடு வந்துருச்சும்மா" அப்படின்னா.

எனக்கு உள்ளங்காலுலேருந்து உச்சந்தலை வரைக்கும் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. அஞ்சு வயசுப் புள்ளை. வெளையாட்டுலகூட எறங்குறா! நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். குளிக்கல, பூ இல்ல, கற்பூரம் இல்ல. "ஆத்தா, நீ சிங்கத்து மேல ஏறி உக்காந்திருக்கியே, உன்னை எவனாச்சும் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போன்னு சொன்னானா? உனக்கொரு ஞாயம், என் புருசனுக்கொரு ஞாயமா?"ன்னு சண்டை போட்டேன். அவ சிரிச்ச மொகமாத்தான் இருந்தா. அங்க நின்னு அழுதுக்கிட்டு இருக்கிறப்போதான் எனக்கு அந்த எண்ணம் வந்துச்சு. ஆத்தாதான் குடுத்தான்னு நான் நம்புறேன். இல்லன்னு சொல்றவங்க எங்கிட்ட வந்து பேசுங்க.

எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியுமே. திருவிழாவுக்கு முன்னாடி மஞ்சக் கயித்தைக் கையில கட்டிக் காப்புக் கட்டிட்டா, அந்த ஆளு அப்புறம் மனுசன் இல்ல, சாமி. அவனை அடிக்கக் கூடாது, வையக் கூடாது, பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. பால்குடம் எடுத்துக்கிட்டு வர்றப்போ அவன் எவன் முன்னாடியும் தலை குனியக் கூடாது. அவன் வழியில இருக்கிற வீட்டுக்காரங்கதான் எறங்கி வந்து, மஞ்சத்தண்ணியை அவன் கால்ல ஊத்திக் கும்பிடணும். எடுத்த வேண்டுதலைப் பாதியில விடவும் கூடாது. இது ரங்கசாமி போட்ட சட்டம் இல்ல. அவரு பாட்டனுக்கும் முந்தின சட்டம்.

அன்னிக்குச் சாயங்காலம் கோயில்ல சனம் கூடியிருக்கிறப்போ பூசாரி தம்புசாமிகிட்டப் போயி நின்னேன். "அண்ணே, என் மக காய்ச்சல் தீந்ததுக்கு அவ அப்பா பால்குடம் எடுக்கிறாரு. சைக்கிள் மேல உக்காந்து எடுக்கிறதா வேண்டுதல்."

பூசாரி கையில இருந்த மணி நின்னு போச்சு. "என்னாது? சைக்கிள் மேலயா? அப்படி ஒரு வேண்டுதல் எங்கயும் கெடையாது தங்கச்சி."

"சாமி வாகனத்துல வரலாம். சாமி வந்த ஆளு வாகனத்துல வரக் கூடாதா? எந்தச் சாஸ்திரத்துல இருக்கு, காட்டுங்க."

சனம் சிரிச்சுச்சு. தம்புசாமி அண்ணன் நல்ல மனுசன், ஆனா பயந்தவரு. கொஞ்ச நேரம் தாடியைச் சொறிஞ்சாரு. அறை வாங்கின கதை அவருக்கும் தெரியும். "சரி. ஆனா ஒண்ணு. பால்குடம் தலையில இருக்கணும். சைக்கிள்ல கட்டித் தொங்கவிடுற வேலையெல்லாம் ஆகாது. கீழ விழுந்து பால் சிந்துச்சுன்னா ஊருக்கே கேடு, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியதம்பி குதிச்சாரு. வாயைத் தெறந்து என்னை வஞ்சாரு. "சாமியை வச்சு வெளையாடுறியாடி? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. எத்தனை நாளைக்கு அப்புறம் சத்தம் போடுறாரு! "ஊர் முன்னாடி சொல்லியாச்சுய்யா. இனிமே மாத்த முடியாது. ஆத்தாகிட்ட நீயே போயி வரலைன்னு சொல்லிட்டு வா" அப்படின்னேன். அவரால எப்படிச் சொல்ல முடியும்? காப்புக் கட்டினாரு.

மறுநாள் பால் நிறுக்கிற எடத்துல கிராணி என்னைத் தனியா நிக்கவச்சாரு. "என்னடி இது கூத்து?"

"கூத்து இல்லீங்கய்யா. வேண்டுதல்."

"என் வாசல்ல உன் புருசன் எறங்கணும். சாமியா இருந்தாலும் சரி, சாத்தானா இருந்தாலும் சரி. எறங்கலேன்னா பெரட்டுல பேரு இருக்காது. கப்பல்தான். புரியுதா?"

பயந்துட்டேன். பொய் சொல்ல மாட்டேன். கப்பல்ல போனவங்க அங்க கஞ்சிக்கு என்ன பண்றாங்கன்னு சேதி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா அந்தாளு மொகத்துலயும் ஒரு பயத்தைப் பாத்தேன். அவரு சம்சாரம் குஞ்சம்மா பெரிய பக்தி. போன வருசம் அவங்க மகனுக்கு அம்மை போட்டு, பொழைக்குமான்னு இருந்த புள்ளை பொழைச்சுச்சு. வாசலுக்கு வர்ற ஒவ்வொரு பால்குடத்துக்கும் தன் கையால தண்ணி ஊத்துறேன்னு அந்தம்மா வேண்டியிருந்தாங்க. அதனால வேண்டுதலை நிறுத்துறேன்னு கிராணியால சொல்ல முடியல. எங்களுக்கு மேட்டு மேல இருக்கிற கிராணி, அவரு வீட்டுக்குள்ள குஞ்சம்மா சொல்றபடிதான்.

திருவிழா அன்னிக்குச் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வச்சேன். ஹேண்டில் முழுக்க வேப்பிலை. வேலாயி அக்கா செவந்திப் பூவைக் கோத்துச் சக்கரத்துல சுத்திவிட்டா. மஞ்ச வேட்டியும் தலையில பால்குடமுமா எங்க வீட்டுக்காரரு ஏறி உக்காந்தப்போ, லயமே "மகமாயி!"ன்னு கத்துச்சு. அன்னம்மா கண்ணை மூடாமப் பாத்துக்கிட்டு இருந்தா.

சைக்கிளை வேகமா எவனும் ஓட்டுவான். மாட்டு வண்டியில வர்ற சாமி ரதத்துக்குப் பின்னாடி, ஒத்தைக் கையில குடத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஒத்தைக் கையில ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு, ஆமை மாதிரி ஓட்டிப் பாருங்க தெரியும். அதுலயும் மேடு. நான் பக்கத்துலயே நடந்தேன். அவரு தொடை நடுங்குறது எனக்குத் தெரிஞ்சுச்சு. கழுத்து நரம்பு பொடைச்சிருந்துச்சு. பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தல.

மேட்டு உச்சிக்கு வந்ததும்தான் என் தலையில இடி விழுந்துச்சு. ரதம் கிராணி வாசல்ல நிக்கும்! முதல் அர்ச்சனைத் தட்டு அவருக்குத்தான்னு அவரே வச்ச பழக்கம். எல்லாத்தையும் யோசிச்ச நான் இதை யோசிக்கல பாருங்க. ஓடுற சைக்கிள்ல எறங்காம இருக்கலாம். நிக்கிற சைக்கிள்ல எப்படி எறங்காம இருக்கிறது?

ரதம் நின்னுச்சு. மேளம் நின்னுச்சு. கிராணி கோட்டு மாட்டிக்கிட்டு படியில நின்னாரு. பெரியதம்பி நிக்கல. வாசலுக்கு முன்னாடி இருந்த மண்ணுல சைக்கிளை வளைச்சு, சுத்த ஆரம்பிச்சாரு. ஒரு சுத்து, இன்னொரு சுத்து. சனம் வாயைப் பொளந்துக்கிட்டு வெலகி எடம் விட்டுச்சு. கிராணிக்குப் புரிஞ்சு போச்சு. சிரிச்சுக்கிட்டே பூசாரியைக் கூப்பிட்டு, "நிதானமா அர்ச்சனை பண்ணுங்க, எங்க குடும்பத்துல எல்லாருக்கும்" அப்படின்னாரு. தன் பேரு, நச்சத்திரம், தம்பி பேரு, நச்சத்திரம், பினாங்குல இருக்கிற மச்சான் பேரு, மச்சான் மகன் பேரு. சொல்றாரு, சொல்றாரு, சொல்லிக்கிட்டே இருக்காரு. கண்ணு மட்டும் எங்க வீட்டுக்காரரு கால் மேல. எப்ப தரையைத் தொடும்னு.

முன்சக்கரம் வெட்டுச்சு. குடத்துல பால் தளும்புச்சு. பெரியதம்பி என்னைப் பாத்தாரு. முடியல புள்ளன்னு அந்தக் கண்ணு சொல்லுச்சு.

நான் ஓடினேன். ரெண்டு கையாலயும் சீட்டைக் கட்டிப் பிடிச்சேன். என் ஒருத்தி பலத்துக்கு அது நிக்குமா? சாஞ்சுச்சு. வேலாயி அக்கா சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு ஓடி வந்து ஹேண்டிலைப் பிடிச்சா. அப்புறம் ஒரு கை வந்துச்சு, இன்னொரு கை வந்துச்சு. பெரட்டுல பேருக்காக நடுங்கிக்கிட்டு நிக்கிற அதே ஆளுங்க, கிராணி பாத்துக்கிட்டு இருக்கிறப்பவே வந்து பிடிச்சாங்க. சைக்கிள் அசையாம நின்னுச்சு. அவரு காலு ரெண்டும் பெடலு மேலதான் இருந்துச்சு.

உள்ளேருந்து குஞ்சம்மா செம்போட வந்தாங்க. கூடவே அம்மைத் தழும்போட அந்தப் பையன்.

"முதல்ல அவன் எறங்கட்டும்" அப்படின்னாரு கிராணி. "எறங்கினாத்தான் தண்ணி."

அந்தம்மா நின்னாங்க. புருசனைப் பாத்தாங்க, மகனைப் பாத்தாங்க. "சாமி காலு எங்க இருக்கோ அங்க ஊத்துறேன். எறங்குன்னு சாமிகிட்டச் சொல்ல நம்ம யாரு?" அப்படின்னு சொல்லிட்டுப் படியெறங்கி வந்தாங்க. பெடலு மேல இருந்த காலுல மஞ்சத்தண்ணியை ஊத்தினாங்க. தண்ணி பெடல்ல வழிஞ்சு, சங்கிலியில வழிஞ்சு, கிராணி வாசல் மண்ணுல எறங்குச்சு. குனிஞ்சு, காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, மகனையும் தொடச் சொன்னாங்க. மொத்த சனமும் கையெடுத்துக் கும்பிடுறப்போ, ரங்கசாமி மட்டும் எப்படிச் சும்மா நிப்பாரு? கையைக் கூப்பினாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் கூப்பினாரு. கூப்பினாரா இல்லையா?

நான் அழுதேன். சிரிச்சுக்கிட்டே அழுதேன்.

கோயில்ல பாலை ஊத்திட்டு, காப்பை அவுத்துட்டு, வீட்டுல வந்து உக்காந்தாரு. "நாளைக்கு வேப்பிலை இருக்காது புள்ள" அப்படின்னாரு.

"காலு அதே காலுதானே" அப்படின்னேன்.

மறுநாள் மத்தியானம் சைக்கிளைத் தொடைச்சு எடுத்தாரு. பூ இல்ல, மஞ்சள் இல்ல, வெறும் துருப்பிடிச்ச சைக்கிள். நானும் லயத்து ஆளுங்களும் மேட்டடியில நின்னு பாத்தோம். கிராணி ஈசிச்சேர்ல இருந்தாரு. வாசலுக்கு நேரா வந்ததும் பெரியதம்பி மணியை அடிச்சாரு. கிணிங்! "டேய்!"ங்கிற சத்தம் எங்க காது வரைக்கும் கேட்டுச்சு. இந்தத் தடவை அவரு திரும்பல. தவுக்கேகிட்டப் போயி, வேலைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்தாரு.

அடுத்த நாள் பெரட்டுல எங்க பேரு ரெண்டும் இல்ல. அதான் தெரியுமே. கப்பலுக்கு எங்க பேரைச் சேத்துக்கச் சொல்லி கிராணி உறுமுனாரு. "கப்பல் வேணாங்கய்யா, சைக்கிள் இருக்கு" அப்படின்னாரு எங்க வீட்டுக்காரரு. என் காதால கேட்டேன். பெரட்டுல சிரிப்பை அடக்க முடியாம ரெண்டு பேரு இருமினாங்க.

எங்க சொத்து என்ன பெருசா? பானை, பாய், துணிமூட்டை. எல்லாத்தையும் ஹேண்டில்ல கட்டினோம். அன்னம்மா முன்னாடி, நான் பின்னாடி கேரியர்ல. வேலாயி அக்கா மேட்டடி வரைக்கும் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல. மேடு ஏற ஆரம்பிச்சதும் சைக்கிள் தள்ளாடுச்சு. கிராணி படியில வந்து நின்னாரு. அவருக்குப் பின்னாடி சன்னல்ல குஞ்சம்மா.

பெரியதம்பிக்கு மூச்சு வாங்குச்சு. "புள்ள, பாரம் ஜாஸ்தி. மேடு முடியிற வரைக்கும் நீ மட்டும் கொஞ்சம் எறங்கிக்கிறியா?"

வாசலுக்கு இன்னும் பத்தடி இருந்துச்சு. முன்னாடி இருந்து அன்னம்மா கழுத்தை வளைச்சு என்னைத் திரும்பிப் பாத்தா, நான் என்ன பண்ணப் போறேன்னு.

"மிதிய்யா" அப்படின்னேன்.